கூப்பிட்டால் வரும் நாய்

எட்வர்டுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருட்டும் ஒரு கம்பெனி. அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நின்ற சம்மட்டி மிஷினுக்குப் பக்கத்தில் அவன் வாலிபம் முழுக்க நின்றான். முதலில் கொசு பறப்பது மாதிரி ஒரு சத்தம் காதுக்குள் குடிவந்தது. அது போகவே இல்லை. அப்புறம் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தெரியாமல் போனது. கம்பெனி கொடுத்த அடைப்பானை அந்தச் சூட்டிலும் வியர்வையிலும் யாரும் காதில் வைத்துக்கொள்வதில்லை. அவனும் வைக்கவில்லை. ஐம்பது வயதை நெருங்கியபோது லாரி ஹாரன் நெஞ்சில் ஓர் அதிர்வாக மட்டும் வந்து சேர்ந்தது.

காண்ட்ராக்ட் கை மாறியது. புதிதாக வந்த சூப்பர்வைசர் முதல் நாளே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். எட்வர்ட் திரும்பவில்லை. அந்த வாரத்தோடு வேலை போயிற்று.

சென்னையில் காது டாக்டரிடம் மகள் ஷைனி கூட்டிக்கொண்டு போனாள். காது மிஷின் மாட்டிப் பார்த்தார்கள். பேச்சு வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். எட்வர்ட் அதற்கும் தலையாட்டினான். அந்தப் பழக்கம் அவனுக்கு அப்போதே வந்துவிட்டிருந்தது. எதிராளி முகத்தைக் காட்டி மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வான். மீதிக்குத் தலையாட்டிவிடுவான். 'இன்னா சொன்னே' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஜனங்கள் முகம் சுளிப்பதை அவன் பார்த்திருந்தான்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி அவர்களுடைய காலனி. எட்வர்டின் அப்பா காலம் வரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அதே நிலத்தின் மேல் கம்பெனிகள் எழுந்த பிறகு பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார்கள். எட்வர்ட் வேலை போனதும் சில ஆடுகள் வாங்கி வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டான். மனைவி ஹெலன் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எந்நேரமும் ஐஸிலும் தண்ணீரிலும் நிற்கும் வேலை. சர்க்கரை வியாதி இருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலில் வந்த புண் ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்படியாக வீட்டுக்குள் இரண்டு பேர். ஒருத்தரால் நடக்க முடியாது, ஒருத்தரால் கேட்க முடியாது. ஷைனி மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, கூட வேலை செய்யும் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். லீவு கிடைத்தால் வருவாள். ஹெலன் ஆரம்பத்தில் அவனிடம் கத்திப் பேசிப் பார்த்தாள். தெருவே கேட்கும், அவனுக்குக் கேட்காது. பிறகு சைகைக்கு வந்தாள். பிறகு சோறு, தண்ணி, மாத்திரை என்பதற்கு மேல் சைகையும் குறைந்தது. எட்வர்டும் பேச்சை விட்டுவிட்டான். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. கடையில் அவன் வாய் திறந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் மதியம் ஹெலன் பின்பக்கம் குளியலறையில் விழுந்துவிட்டாள். எட்வர்ட் வீட்டு வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டுக் கொட்டகைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். ஷைனி அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்த போன் சட்டைப் பையில் இருந்தது. ஹெலன் அதற்கு அடித்தால் பை அதிரும், அவன் எழுந்து போவான். ஆனால் அவளுடைய போன் கட்டிலில் கிடந்தது. அவள் தொண்டை கட்டும் வரைக்கும் கூப்பிட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மாதான் குரல் கேட்டு ஓடினாள்.

தூக்கிக் கட்டிலில் போட்ட பிறகு ஹெலன் அவனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் கைகளில் ஒட்டியிருந்த மூங்கில் சிராயை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எட்வர்ட் தாங்கியிருப்பான்.

நாய் வளர்க்கும் யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தான். காது கேட்காத ஒருவரின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். நாய் ஓடிவந்து அவர் முழங்காலில் காலை வைக்கிறது, அவரைக் கதவு வரைக்கும் கூட்டிப் போகிறது. எட்வர்ட் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஹெலனுக்கும் காட்டினான்.

"நீ கூப்புடு. அது வந்து என்னக் கூட்டிக்கினு வரட்டும்" என்றான்.

ஹெலன் முகத்தை அவனுக்கு நேராகக் காட்டி, "தெரு நாய் ஒண்ணப் புடிச்சி வளத்தா போறாதா" என்று கேட்டாள்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கேண்டீன்களின் எச்சிலைத் தின்று வளர்ந்த நாய்க் கூட்டம் அந்த ரோடு முழுக்கச் சொறியோடு திரிந்தது. அவனுடைய ஆட்டுக்குட்டி ஒன்றையே குதறிப் போட்டிருக்கிறது. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அவன் போட்ட சட்டை, ஓட்டிய சைக்கிள், பார்த்த வேலை எல்லாமே இன்னொருத்தர் கழித்துப் போட்டதாகவோ கிடைத்ததாகவோதான் இருந்தன. ஒன்றையாவது நல்லதாக, தானே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தான்.

"நல்ல சாதி நாயா இருக்கணும். வேலை செய்யற நாயா இருக்கணும். உன் உசுரு அது கையில கீது" என்றான்.

ஆட்டுக்கு ஊசி போடப் போகும்போது மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூமிகாவிடம் கேட்டான். சின்ன வயசுப் பெண், அவனிடம் பேசும்போது முகக்கவசத்தை இறக்கிவிட்டு நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"ரோட்டோரம் கூடையில வெச்சு விக்கறதை வாங்காதீங்க. தாய் நாய் இருக்கற எடத்துல போய் வாங்குங்க. தாயோட குணத்தைப் பாருங்க. பயந்து ஓடுற குட்டியும் வேணாம், எல்லாத்தையும் கடிக்கிற குட்டியும் வேணாம். கண்ணு, பல்லு, காது, தொப்புள், நடை எல்லாம் பாருங்க. பால் மறந்த குட்டியா இருக்கணும்."

எட்வர்ட் அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றுகூடத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டான்.

சோழவரத்துக்கு அருகே மணவாளன் என்று ஒரு விவசாயி. நெல் வயலும் மோட்டார் கொட்டகையும் வைத்திருந்தவன், ராஜபாளையம் நாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்றுவந்தான். போனில் படம் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாக ஷைனி சொல்லியிருந்தாள். ஆனால் அதற்குள் குட்டிகள் போய்விடும் என்று மணவாளனிடமிருந்து செய்தி வந்தது. எட்வர்ட் காத்திருக்கவில்லை. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறிவிட்டான்.

வயலுக்கு நடுவே கம்பிவலை அடித்த இடம். தாய் நாய் உயரமாக, இடை ஒட்டி, பால் நிறத்தில் இருந்தது. மணவாளன் அதை அவிழ்த்துவிட்டான். அது வந்து எட்வர்டின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போய்ப் படுத்தது. குணம் சரி என்று நினைத்தான். குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினான். ஒன்று மடியிலேயே மூத்திரம் போய்விட்டு ஓடி ஒளிந்தது. ஒன்று அவன் விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒன்றின் தொப்புள் புடைத்திருந்தது.

கடைசியாக இருந்தது ஒரு ஆண் குட்டி. முழு வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. கூப்பிடாமலே வந்து அவன் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. அவன் கையை அசைத்தால் கையைப் பார்த்தது, மறுபடியும் முகத்துக்கு வந்தது. எட்வர்ட் அதன் கண்ணிமையை விரித்துப் பார்த்தான். ஈறை அழுத்திப் பார்த்தான், இளஞ்சிவப்பாக ரத்தம் ஓடியது. நடக்கவிட்டான், கால்கள் நேராக விழுந்தன. காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே பார்த்தான். சுத்தமாக இருந்தது. மூக்கை வைத்து மோந்தும் பார்த்தான், நாற்றம் இல்லை.

அந்த நேரம் பக்கத்தில் டிராக்டர் கிளம்பியது. கரும்புகை வருவதை எட்வர்ட் பார்த்தான். மற்றக் குட்டிகள் சிதறி ஓடின. வெள்ளைக் குட்டி இருந்த இடத்தில் இருந்து அசையவில்லை. அவன் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இவ்வளவு சின்னதில் இத்தனை நிதானமா என்று நினைத்தான்.

மணவாளன் தாய் நாயைப் பிடித்துக் கட்டிக்கொண்டே என்னவோ சொன்னான். எட்வர்டுக்கு அவன் முதுகும் அசையும் தாடையும்தான் தெரிந்தன. விலையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினான். மணவாளன் திரும்பி ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு, சரி என்று சிரித்தான்.

துணிப்பைக்குள் இருந்து தலையை நீட்டிக்கொண்டு குட்டி வீட்டுக்கு வந்தது.

"பேரு நீ வையி. நீதான கூப்புடப் போற" என்றான் எட்வர்ட்.

ஹெலன் யோசித்தாள். "கூப்ட சுலுவா இருக்கணும். மணின்னு வெச்சிடலாம்."

அவள் உதடு மூடித் திறப்பதைப் பார்த்து அவனும் சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னது கங்கம்மா வீடு வரைக்கும் கேட்டது.

குட்டி வந்த சில நாட்களிலேயே ஹெலனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குட்டி கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எட்வர்ட் ஆடுகளோடு போயிருந்தான். அவள் கை தவறி எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. சிமெண்டுத் தரையில் அது சுழன்று சுழன்று அடங்கிற்று. குட்டியின் காது நுனிகூட அசையவில்லை. அவள் கூப்பிட்டாள். டப்பா மூடியைத் தட்டினாள். கைதட்டினாள். கடைசியில் ஊன்றுகோலை நீட்டி அதன் முதுகைத் தொட்டாள். துள்ளி எழுந்து, அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

சாயங்காலம் எட்வர்ட் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். அவன் வந்தான், குட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஹெலனு, இதப் பாரு. நான் வாயே தொறக்கல. இப்டிக் கைய காட்னா குந்துது. இப்டிக் காட்னா வருது. நான் எங்கப் பாக்குறனோ அங்கப் பாக்குது. எந்த மனுசனுக்கு இந்த புத்தி கீது?" என்று சிரித்தான்.

அவன் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஹெலன் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பயிற்சி. எட்வர்ட் வாசலில் முதுகைக் காட்டி உட்காருவான். மணி இருவருக்கும் நடுவில் நிற்கும். ஹெலன் கட்டிலில் இருந்து கூப்பிட வேண்டும். மணி ஓடிப்போய் அவன் முழங்காலில் காலை வைக்க வேண்டும். வைத்தால் ஒரு பிஸ்கட். அவள் "மணி, மணி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு துண்டை எடுத்து ஆட்டுவாள். மணி துண்டைப் பார்க்கும். துண்டு ஆடினால் வாசலுக்கு ஓட வேண்டும் என்று அது கற்றுக்கொண்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவனுக்குத் துண்டு தெரியாது. முழங்காலில் நாயின் கால் பட்டதும் திரும்பி, "கூப்ட்டியா?" என்று கேட்பான்.

"கூப்ட்டேன்" என்பாள் ஹெலன்.

கங்கம்மாவுக்கு அந்தக் குரல் பழகிப்போனது. தினமும் 'மணி, மணி' என்று கேட்கும். அதோடு எட்வர்டின் பேச்சும் சிரிப்பும் கேட்கும். அந்த வீட்டில் மறுபடியும் பேச்சு வந்துவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையும் அதுதான். அவன் ஹெலனிடம் ஆட்டைப் பற்றிப் பேசினான், நாயைப் பற்றிப் பேசினான், கம்பெனியில் நடந்த பழைய சங்கதிகளைக்கூடச் சொன்னான். அவள் சைகையில் பதில் சொன்னாள், அவன் பொறுமையாகப் பார்த்தான். மணி இருக்கிறது என்ற தைரியத்தில் ஆடுகளைக் கொஞ்சம் தூரமாகவும் ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான். அப்போதெல்லாம் ஹெலன் கட்டிலை விட்டு இறங்கமாட்டாள். தாகத்தைக்கூட அடக்கிக்கொண்டு இருப்பாள்.

லீவில் வந்த ஷைனி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எட்வர்ட் கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் வந்தாள்.

"மா, இதுக்கு காது கேக்கலமா."

"தெரியும்."

"தெரியுமா? நைனாவுக்கு?"

"தெரியாது. நீயும் சொல்லிடாத."

"இன்னாமா பேசுற நீ? எதுக்குமா அத வாங்குனாரு?"

"எதுக்கோ வாங்கிச்சி. இப்ப மனுசன் பேசிக்கினு கீது, துன்னுது, சிரிக்குது. மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு எத்தினி நாளு செவுத்தப் பாத்துக்கினு கெடந்துச்சு, நீ இங்க இருந்து பாத்தியா? தான் போயி தேடிப் புடிச்சி கொண்டாந்த நாயி. அதுவும் செவுடுன்னா தாங்காதுடி."

"நீ திரும்ப உழுந்தியானா?"

"நான் ஏன் உழப் போறேன். சாக்கிரதையாத்தான் கீறேன்."

ஷைனி அழுதாள், சண்டை போட்டாள், போனை அம்மாவின் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று வாசல் வரைக்கும் வந்தாள். எட்வர்ட் மணியை உட்காரவைத்துத் துவட்டிக்கொண்டிருந்தான். "பாத்தியா ஷைனி, இன்னா லட்சணமா வளந்துட்டான்" என்றான். அவள் "ஆமா நைனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருஷம் மழை விட்டும் ரோட்டோரப் பள்ளங்களில் தண்ணீர் வற்றாமல் இருந்தது. ஹெலன் காலையில் சர்க்கரைக்கான ஊசி போட்டுக்கொண்டவள் நாஷ்டா சரியாகச் சாப்பிடவில்லை. எட்வர்ட் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆட்டுக்குத் தழை நறுக்கிக்கொண்டிருந்தான். மணி வாசற்படியில் வெயிலில் நீட்டிப் படுத்திருந்தது. கழுத்துக் கயிறு உறுத்துகிறது என்று ஹெலன் போனைக் கழற்றி சார்ஜில் போட்டிருந்தாள். சர்க்கரை இறங்கி உடம்பு வெலவெலத்தபோது சமையல் மேடையில் இருந்த வெல்லத்தை எடுக்கக் கட்டிலை விட்டு இறங்கியிருக்கிறாள். மேடைக்கு வந்து சேரவில்லை.

விழுந்த இடத்தில் இருந்து, மயக்கத்தில் வாய்க்குப் பழகிய பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த கங்கம்மாவுக்கு 'மணி, மணி' என்று கேட்டது. பயிற்சி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு குரல் நின்றது. பயிற்சி முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

எட்வர்ட் உள்ளே வந்தபோது வாசற்படியில் ஒரு டம்ளரும் ஹெலனின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. அவள் எறிந்து எழுப்பியிருக்கிறாள். நாய் எழுந்து அவளிடம்தான் போயிருக்கிறது. துண்டை எடுத்து ஆட்ட அதற்குமேல் அவளுக்குக் கை எழவில்லை. அவள் முகத்தை நக்கிவிட்டு, பக்கத்திலேயே அவள் தோளில் தலையை வைத்துப் படுத்திருந்தது. எட்வர்டைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் அவள் கண் விழிக்கவில்லை. சில நாள் அப்படியே இருந்து போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தபோது கங்கம்மா அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டி மெதுவாகப் பேச வேண்டும் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அழுகையில் உதடு கோணியது.

"அண்ணே, அக்கா கூப்ட்டாங்க. என் காதுல உழுந்துச்சி. நாய்க்குச் சொல்லிக் குடுக்குறாங்கன்னு நெனச்சிக்கினேன்."

எட்வர்டுக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் திரும்பச் சொன்னாள். புரிந்ததும் அவன் மணியைப் பார்த்தான், ஷைனியைப் பார்த்தான்.

"கூப்ட்டாளா? அப்ப இது ஏன் வரல?" என்று கேட்டான். அவன் குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் இடித்தது. "தெனமும் வருமே. ஏன் வரல?"

 ஷைனி எழுந்து மணியின் பின்னால் போய் நின்றாள். ஒரு பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துத் தட்டினாள். உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வதை எட்வர்ட் பார்த்தான். மணி அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு காது கேக்காது நைனா. பொறவியிலயே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"லீவுல வந்தப்ப."

"அவளுக்கு?"

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த முகத்தில் உதடு தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. துண்டைப் பற்றியும் ஷைனி சொன்னாள். 

அதன் பிறகு எட்வர்ட் யாரிடமும் பேசவில்லை. மணிக்குச் சோறு வைப்பான், அதன் பக்கம் திரும்பமாட்டான். ஒரு காலை, தெரிந்த பையனின் லோடு ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு சோழவரத்துக்குப் போனான். மணவாளன் வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்தான். நாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ ஜோரா வளத்துருக்கீங்க அண்ணே."

"இது செவுடு. நானும் செவுடு. என் பொண்டாட்டி செத்துட்டா. தெரிஞ்சே குடுத்தியா?" என்று கேட்டான் எட்வர்ட்.

 மணவாளன் அவனுடைய கையைப் பிடித்து, முகத்துக்கு நேராக வந்து பேசினான்.

"அண்ணே, நான் அன்னைக்கே சொன்னேனே. முழு வெள்ளையா ரோஸ் மூக்கா வர்ற குட்டிங்கள்ல சிலதுக்குக் காது மந்தமா இருக்கும், இதுவும் கொஞ்சம் சந்தேகமாத்தான் கீது, பரவால்லையான்னு கேட்டேன். நீங்க சரின்னு தலையாட்டினீங்க. அழகுக்குத்தான் வாங்குறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குக் காது கேக்காதுன்னே எனக்குத் தெரியாது. நல்லா பேசினீங்களே."

எட்வர்ட் அன்றைக்குப் பார்த்த முதுகையும் அசைந்த தாடையையும் நினைத்துப் பார்த்தான். மணவாளன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் அடித்திருப்பான். அடிக்கத்தான் வந்திருந்தான். வரப்பில் குந்திவிட்டான்.

மணவாளன் உள்ளே போய் வேறொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழுப்பும் வெள்ளையும் கலந்தது. அதன் பின்னால் சொடக்குப் போட்டுக் காட்டினான். குட்டி வெடுக்கென்று திரும்பியது.

"இத எடுத்துக்கினு போங்க. ஒண்ணும் தர வேணாம். அத இங்கயே உட்டுருங்க."

எட்வர்ட் குட்டியின் தலையை ஒருமுறை தடவினான்.

"இனிமே இதுக்குக் கேட்டு இன்னா ஆவணும்? ஊட்ல கூப்புட ஆளு இல்ல" என்றான். பிறகு மணியைக் காட்டி, "இத இன்னா பண்ணுவ?" என்று கேட்டான்.

"வேட்டைக்கும் ஆவாது, காவலுக்கும் ஆவாது. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மணவாளன் வயலைப் பார்த்தான்.

எட்வர்ட் எழுந்து மணியை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றினான். பாசத்தால் ஏற்றினான் என்று சொல்ல முடியாது. அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அவ்வளவுதான். வழி முழுக்க அது அவன் தொடையில் மோவாயை வைத்திருந்தது. அவன் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

ஆடுகளை விற்றுவிட்டான். மீஞ்சூருக்கு வந்துவிடும்படி ஷைனி கெஞ்சினாள். அவள் தனியாக வீடு பார்த்தாள். வீட்டுக்காரர் நாய் கூடாது என்றார். "நாய கங்கம்மாக்கா கிட்ட உட்டுட்டு வா நைனா" என்றாள். அவன் முடியாது என்று கை காட்டினான். ஏன் என்று கேட்டாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோட்டில் லாரி பின்னால் எடுக்கும்போது அந்த நாய்க்குத் தெரியாது, யாரும் கூட இருந்து பார்க்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னான். சில நாட்களில் ஹெலன் மேல் அவனுக்கு ஆத்திரமாக வரும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அவளை விட்டு நகர்ந்திருக்கமாட்டான். அவளிடம் கேட்கவும் முடியாது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பான்.

மணி பார்க்கிறவர்கள் நின்று பார்க்கும் நாயாகிவிட்டது. வீட்டைத் தாண்டிப் போகிற கார்க்காரர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். ஒரு நாள் ஒருவர் இறங்கியே வந்துவிட்டார். ஆதிநாராயணன் என்று பேர் சொன்னார். செங்குன்றம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறாராம். தன்னிடம் இதே சாதியில் பெட்டை நாய் இருக்கிறது, சேர்க்க வேண்டும், பிறக்கும் குட்டியில் ஒன்று உனக்கு என்றார். எட்வர்டுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் போனில் தட்டச்சு செய்து காட்டினார்.

"இதுக்குக் காது கேக்காது சார்" என்றான் எட்வர்ட். மணவாளனுக்கு அப்புறம் வெளியாள் ஒருவரிடம் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆதிநாராயணன் சிரித்தார். மறுபடியும் தட்டச்சு செய்தார். 'அதனால் என்ன? வெள்ளைக் குட்டிக்குத்தான் இப்போது கிராக்கி. யாரும் காதைப் பார்த்து வாங்குவதில்லை.'

எட்வர்ட் அதைப் படித்தான். படித்துவிட்டு போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தான். மணியின் கழுத்துப் பட்டையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வெளியே அவர் கொஞ்ச நேரம் தட்டியிருப்பார்.

மறுநாள் மணியை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனான். பூமிகா அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஹெலன் போன விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாயைப் பற்றியும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நான் சொல்லியிருக்கணும். கைதட்டிப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

"தட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? நெதானமான குட்டின்னுதான் நெனச்சிருப்பேன்" என்றான் அவன். பிறகு மணியின் முதுகில் கையை வைத்தான். "இதுக்குக் குட்டி பொறக்கக் கூடாது டாக்டர். இதோட நிக்கட்டும். ஆப்ரேசன் செஞ்சுடுங்க."

அவள் சரி என்றாள். நாள் சொல்லி வரச் சொன்னாள். அந்த நாளில் காலையில் மணியைப் பட்டினியோடு கூட்டிப் போனான். மயக்க ஊசி ஏறும் வரைக்கும் அது மேஜைமேல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண் சொருகிய பிறகு அவன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மாடுகளும் ஆடுகளும் பிடித்துக்கொண்டு நின்ற ஜனங்கள் அவனிடம் ஏதேதோ பேசினார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மயக்கம் முழுக்கத் தெளியாத நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். கண்டக்டர் ஏற்றவில்லை. லோடு ஆட்டோ பையனுக்குச் செய்தி அனுப்பினான், அவன் ஆந்திரா பக்கம் போயிருந்தான். கனமான நாய். நின்று நின்று, நிழல் கிடைத்த இடத்தில் இறக்கி வைத்து, மறுபடியும் தூக்கி, சர்வீஸ் ரோட்டு ஓரமாகவே நடந்தான். வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

ஹெலனின் கட்டிலுக்கு அடியில் சாக்கை விரித்து மணியைப் படுக்கவைத்தான். ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்தான். அப்புறம் இரண்டு பேருக்கும் கஞ்சி வைக்க அரிசியைக் களையப் போனான்.